ரசீது வேண்டாம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிக்கொள்வதில் முன்பெல்லாம் ஒரு பெருமை இருந்தது. யாரைப் பார்த்தாலும் ரெண்டு நிமிஷத்தில் ஒரு பட்டப்பேர் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லாமல் விழுங்கினால் எனக்குச் சோறு இறங்காது. தென்காசியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக். அதில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். அங்கே முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் நான் வைத்த பேர்கள்தான் புழக்கத்தில் இருந்தன. முதல்வருக்கு வைத்த பேர் முதல்வருக்கே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊழியர்களின் மருத்துவ இன்சூரன்ஸ் காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். டாக்டர் சீட்டு, பில், படிவம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சீல் வைத்து மேலே அனுப்ப வேண்டியது என் வேலை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், யார் வீட்டில் மறுபடியும் கர்ப்பம் கலைந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மமும் இல்லை நான்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பாலிசியைப் புதுப்பித்தபோது, மனநல ஆலோசனைக்கும் பணம் உண்டு என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அவசியம் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்து, ஆலோசகரிடம் போய் வந்த ரசீது இருந்தால் போதும். வீட்டுக்காரர், வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். நோட்டீஸ் போர்டில் குத்தியதும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் நான் சொன்ன பொய் எவ்வளவு பெரிய பொய் என்று விளங்கும்.

அந்த வரியை நம்பி முதலில் படிவம் கொண்டுவந்தவர் ஒரு மெக்கானிக்கல் விரிவுரையாளர். கீழப்பாவூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். கவரை ஒட்டி, ஒட்டினதற்கு மேல் ஸ்டேப்ளரும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், இது உங்க கையோட இருக்கட்டும்" என்றார்.

"ஏன் சார், நான் என்ன தண்டோராவா போடப் போறேன்?" என்று சிரித்தேன். அவரும் பாவம், கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

கவரைப் பிரிப்பது என் வேலைதான். அதில் தப்பில்லை. நோயின் பெயர் என்ற கட்டத்தில் மனச்சோர்வும் பதற்றமும் என்று எழுதி, ஆலோசகரிடம் போய் வந்த நாலு ரசீதுகளை இணைத்திருந்தார். நான் பார்த்தேன், சீல் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

பதினோரு மணி டீயின்போது அக்கவுண்ட்ஸ் பிரிவில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். மனசு சரியில்லாதவர்களைக் குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிறுத்தினால் பித்தம் தெளியும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது என் வாய்க்கு வசதியாக வந்து மாட்டியது. "நம்ம கீழப்பாவூர் சாருக்கு இப்போதைக்குச் சித்தருவி போதும். முத்திச்சுன்னா ஐந்தருவிக்குத்தான் கொண்டுபோகணும்" என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோயைப் பற்றியோ கவரைப் பற்றியோ மூச்சு விடவில்லை. அது ஒரு சாமர்த்தியம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒருத்தி டீ மூக்கில் ஏறி இருமினாள்.

ஒரு வாரத்தில் அவர் பேர் சித்தருவி ஆகிவிட்டது. பியூன்கூட "சித்தருவி சார் லீவு" என்று வந்து சொன்னான். கடைசியில் லேப்பில் யாரோ ஒரு பையன் போர்டில் எழுதிவைத்தானாம். அவர் டஸ்டரை எடுத்து அழித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாராம். இதைக் கேட்டு நான் வீட்டில் வந்து சொல்லி, என் வீட்டுக்காரரையும் சிரிக்க வைத்தேன். அவர் முழுசாகச் சிரிக்கவில்லை. "பாவம்ட்டி, விடு" என்றார்.

அதற்கப்புறம் அந்தச் சாரிடமிருந்து ஒரு படிவமும் வரவில்லை. குணமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வரவில்லை, என் வீட்டுக்காரருக்கு வந்தது. தென்காசியில் அவருக்கு ஒரு பெயிண்ட் கடை. ஆயிரம் நிறத்துக்கும் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிற மனுஷன், கடைக்குள் லைட் போடாமல் உட்கார ஆரம்பித்தார். வந்த ஆள் பிரைமர் கேட்டால் எழுந்துபோய் பிரஷ்ஷை எடுத்துக்கொடுத்தார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையைக் காயவிட்டபடி இருப்பார். பிள்ளைகள் ரெண்டும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் போனில் கூப்பிட்டால் "நல்லாருக்கேன்" என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிடுவார். என்ன காரணம் என்று நானும் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தேன். கடன் இல்லை, சண்டை இல்லை, ஒன்றுமில்லை. காரணமே இல்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "உங்களுக்கு என்ன குறைச்சல்?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

ஒரு நாள் காலையில் காபியைக் கொண்டுபோய் எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னைக்கும் முழிச்சிட்டேனா? எந்திக்காமலே போயிட்டா நல்லாருக்கும்ட்டி" என்றார். சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். நான் காபியைப் படுக்கையிலேயே சிந்திவிட்டேன்.

அன்றைக்கே எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரொம்ப நேரம் பேசினார். ஒரு மாத்திரை எழுதினார். "மாத்திரை பாதிதான், பேசினால்தான் மீதி. தள்ளிப் போடாதீங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு ஆலோசகர் அம்மா வருகிறார். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தொகையையும் டாக்டரே சொன்னார். வாரா வாரம் போக வேண்டும். கேட்டதும் எனக்கே கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல இது வராதா?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரில படுத்தாத்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி முடிவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. என் மேசையைத் தாண்டி இன்னும் மூன்று மேசைக்கு அந்தப் படிவம் போகும். அந்த மூன்று மேசைகளில் இருப்பவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்ததே நான். என் வீட்டுக்காரர் பேரும், பக்கத்தில் நோயின் பேரும் எழுதின காகிதம் பதினோரு மணி டீக்கு அவர்கள் நடுவில் கிடப்பது எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது. அவருக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எனக்காகத்தான் பயந்தேன்.

முதல் சனிக்கிழமை கிளம்பும்போது ஒரு வயர் கூடையில் துண்டு, நல்லெண்ணெய் பாட்டில், சோப்பு டப்பா எல்லாம் எடுத்துவைத்தேன். எதிர்வீட்டு மைனி வாசலில் நின்றிருந்தாள். "எங்கன ஜோடியா?" என்றாள். "குத்தாலத்துல குளிச்சிட்டு வாரோம் மைனி" என்றேன். தென்காசிக்காரர்களுக்கு இதைவிடச் சந்தேகமில்லாத காரணம் கிடையாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மாடியில் வரவேற்பறை மாதிரி ஒரு சின்ன இடம். ஆலோசகர் அம்மாவே நோட்டை எடுத்து, "சார் பேரு?" என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்த கணக்கு வாத்தியார் பேரைச் சொன்னேன். ஊர் கேட்டதற்குச் செங்கோட்டை என்றேன். போன் நம்பர் மட்டும் என்னுடையது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பணத்தைக் கொடுத்ததும் அந்த அம்மா ரசீது புத்தகத்தை எடுத்தார்.

"ரசீது வேண்டாம்" என்றேன்.

"ஆபீஸ்ல இன்சூரன்ஸ் ஏதாவது இருந்தா போட்டுக்கலாமே. இப்ப நிறைய இடத்துல வருது."

"அதுல இது வராதாம் மேடம்" என்றார் என் வீட்டுக்காரர், என் சார்பாக. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது பைக்கில், "யாருட்டி அந்த ஆளு?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த வாத்தியாருக்குச் சரியானா போதுமா? எனக்கு வேண்டாமா?" என்றார். பல மாசத்துக்கு அப்புறம் அவர் செய்த முதல் கிண்டல் அது. அதனால் சிரித்தேன். அதில் இருந்த முள்ளை நான் கவனிக்கவில்லை.

குளிக்கப் போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது, தலை காய்ந்துபோய் வீட்டுக்கு வரலாமா? அதனால் பேச்சு முடிந்ததும் அருவிக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வருவோம். சீசன் முடிந்து அருவியெல்லாம் வற்றினபோதும் பழக்கதோஷத்தில் நான் தெருக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, அவர் தலையிலும் ரெண்டு கை அள்ளி ஊற்றிக் கூட்டிவந்தேன். மைனி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, மெயின் அருவில சொட்டுத் தண்ணி இல்லைங்காவ. நீங்க எங்கன போயி குளிச்சிய?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் நான். "ஒரு தெரிஞ்சவங்க தோப்புல பம்புசெட்டு மைனி" என்றேன்.

ஆனால் அவர் தேறி வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாவது மாசம் கடையில் லைட் எரிந்தது. அப்புறம் ஒரு நாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மறு வருஷம் சாரல் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, பேச்சு முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அந்தக் கீழப்பாவூர் சார். அவர் என்னைப் பார்த்தார். மாடியில் தொங்குகிற போர்டைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் கையிலிருந்த வயர் கூடையில் எண்ணெய் பாட்டில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"குளிச்சாச்சா மேடம்?" என்றார்.

எங்கள் ரெண்டு பேர் தலையும் காய்ந்து பறந்தது. "ஆமா சார். ஒரே கூட்டம்" என்றேன்.

"சரி மேடம்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைத் திருப்பிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். அவர் சொல்லாமல் இருப்பாரா? நானாக இருந்தால் திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் சொல்லியிருப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போனபோது பேச்சு நின்றுவிடுகிறதா என்று உற்றுப் பார்த்தேன். நிற்கவில்லை. செவ்வாய் இல்லை, புதன் இல்லை. ஒரு மாசம் ஆயிற்று. அந்தச் சார் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது வழக்கம்போல "குட்மார்னிங் மேடம்" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்றும் நினைத்தேன். அவர் அங்கே எதற்கு வந்து நின்றார், ஏன் மாடி ஏறாமல் வண்டியைத் திருப்பினார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் பயம் எனக்குப் பெரிசு.

அதற்கப்புறம் நான் கூடப் போவதை நிறுத்தினேன். இன்னொரு தடவை யார் கண்ணிலும் பட எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை காலையில் பணத்தை எண்ணிச் சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கூடையைக் கையில் கொடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் தனியாகப் போய் ஈரத்தலையோடு வருவார். "என்ன பேசினிய?" என்று கேட்டால், "பேசினேன்" என்பார். மறுபடியும் பேச்சு குறைந்தது. கடையை ஏழு மணிக்கே சாத்திவிட்டு வந்தார். வியாபாரம் மந்தம், அதான், என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த ஆலோசகர் அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். கணக்கு வாத்தியார் பேரைச் சொல்லி, "சார் ரெண்டு மாசமா வரலையே. நல்லா இருக்காங்களா? கொஞ்சம் கவனமா பாத்துக்க வேண்டிய நேரத்துல நிறுத்திட்டாங்க" என்றார். காலையில்தான் என் வீட்டுக்காரர் கூடையோடு கிளம்பிப் போயிருந்தார். அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எந்திக்காமலே போயிட்டா நல்லாருக்கும் என்று சொன்ன அந்தக் காலை எனக்கு அப்படியே கண்முன் வந்தது. எப்படிப் பஸ் பிடித்தேன், எங்கே ஆட்டோ மாறினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அறுபது தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன். கூடவே, யாராவது தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். அந்த நேரத்திலும் நினைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

ஐந்தருவியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளிக்கிற கூட்டம் முழுக்கத் தேடினேன். பழக்கடைகள் முடிகிற இடத்தில், மங்குஸ்தான் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரம். துண்டை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லார் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பழக்காரம்மா எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

"எதுக்கு இப்படிச் செஞ்சிய? ரெண்டு மாசமா இங்கனயா வந்து உக்காந்திருக்கிய?"

கூடையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். சோப்பு இல்லை. நான் கொடுத்துவிட்ட நோட்டுகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"செலவழிக்க மனசு வரலட்டி. கடைல வியாபாரம் கிடையாது. உன் சம்பளத்துல பெரும்பங்கு நான் பேசுத பேச்சுக்கே போவுது. நான் பேசுத பேச்சுக்கு அம்புட்டு விலையா? நான் சம்பாரிச்சுப் போடலன்னாலும் பரவால்ல, இருக்கிறதயும் தின்னுட்டு உக்காந்திருக்கேன்னு தோணுது. அதை அந்த அம்மாகிட்ட போயி சொல்லலாம்னா, அதுக்கும் பணம்லா கட்டணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. ஒரு மணி நேரம் என் கதை பூராவும் சொல்லுவேன். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் சொல்லுவேன். எந்திக்கும்போது அவ்வொ அந்த வாத்தியார் பேரைச் சொல்லி, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லுவாவ. அப்பம் சொன்னது பூராவும் அவர் கதையா ஆயிரும். நான் போனமாதிரியே வெளிய வருவேன்."

இதற்கு மேல் எப்படி மறைப்பது?

"இன்சூரன்ஸ்ல வருங்க" என்றேன். "முதல்லேருந்தே வரும். அந்த நோட்டீஸ அடிச்சதே நான்தான். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொல்ல வைத்தார். "எதுக்குட்டி?" என்றார். படிவம் போகிற மூன்று மேசைகளையும் சொன்னேன். கீழப்பாவூர் சாரின் கவரையும் சொன்னேன்.

"சித்தருவின்னு வீட்டுல வந்து சொல்லிச் சிரிப்பியே, அவரா? அன்னைக்குக் கேட்டுகிட்ட நின்னாரே, அவரா?"

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்து ரொம்ப நிதானமாக, "எனக்கு என்ன பேரு வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சத்தியமா ஒண்ணுமில்ல" என்றேன். ஒன்று இருந்தது. அவர் கடையில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் என் மனசில் தானாக வந்த பேர். யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

அங்கிருந்தே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிக்கு நடந்தேன். ஆலோசகர் அம்மா உள்ளே இருந்தவரை அனுப்பிவிட்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நோட்டை எடுத்து, பழைய பேரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் தன் பேரை, அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். போன மாசங்களுக்கு ரசீது தர முடியாது, நடந்தது நடந்தபடிதான், இனிமேல் உள்ளதுக்குத் தருகிறேன் என்றார் அந்த அம்மா. வாங்கிக்கொண்டோம்.

அந்தப் படிவத்தை என் மேசையில் வைத்து நானே நிரப்பினேன். நோயின் பெயர் என்ற கட்டம் வந்ததும் பேனாவை ரெண்டு தடவை மூடித் திறந்தேன். எழுதி, சீல் வைத்து, நானே எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸுக்குப் போனேன். டீ மூக்கில் ஏறி இருமினாளே, அவள்தான் வாங்கிப் படித்தாள். "மேடம், உங்க சாருக்குமா?" என்றாள். நான் வெளியே வந்ததும் உள்ளே யாரோ என்னவோ சொல்ல, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன பேர் வைத்தார்களோ தெரியாது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நான் நடத்தின பாடம்தானே.

அந்த வாரமே முதல்வரிடம் போய், இனிமேல் படிவங்களை ஊழியர்களே நேரடியாகக் கம்பெனிக்கு ஆன்லைனில் அனுப்பிக்கொள்ளட்டும், ஆபீஸில் யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டேன். "உங்க வேலை குறையுதுன்னு பாக்கியளா?" என்று கிண்டலடித்தார். அப்படியே இருக்கட்டும் சார் என்றேன். சம்மதித்தார். அந்தச் சுற்றறிக்கையையும் நானே தட்டச்சு செய்தேன்.

அதில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மெக்கானிக்கல் லேப்புக்குப் போனேன். பையன்கள் போயிருந்தார்கள். அந்தச் சார் ஒரு லேத் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் என்னென்னவோ வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சார், அந்தப் பேரு வெச்சது நான்தான்."

"தெரியும் மேடம்."

"எப்பத்திலேருந்து?"

"அன்னைக்கே தெரியும். கவரைப் பிரிச்சது நீங்கதானே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய், "என்ன மேடம் இது, நீங்க பெரியவங்க" என்று துணியைக் கீழே போட்டார். சுற்றறிக்கையை நீட்டினேன். இனி எதுவும் என் கைக்கு வராது, யார் கைக்கும் வராது, தைரியமாகப் போடலாம் என்றேன். அவர் படித்துவிட்டு நாலாக மடித்தார்.

"ரொம்ப நல்லது மேடம். மத்தவங்களுக்கு உதவும்."

"உங்களுக்குந்தான் சார். அந்தம்மாகிட்டதானே நீங்களும் வாரிய? இனிமே கைக்காசு போட வேண்டாம்."

"இல்ல மேடம். அந்தப் பேரு வந்த மாசத்தோட நான் நிப்பாட்டிட்டேன். இன்சூரன்ஸ் இல்லாம எனக்குக் கட்டுப்படியாகாது." மடித்த சுற்றறிக்கையைச் சட்டைப் பையில் வைத்தார். "இந்தச் சீசன் ஆரம்பத்துல ரொம்ப முடியாம ஆயிட்டு. வீட்டுல அவ ரெண்டு வளையலை அடகு வெச்சுப் பணம் கொடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பினா. அன்னைக்குத்தான் கேட்டு வரைக்கும் வந்தேன்."

"அன்னைக்கா? ஏன் சார், அப்புறம் ஏன் மேல போகல?"

"நீங்க இறங்கி வந்திய மேடம். நீங்க மறுபடியும் ஆபீஸ்ல சொல்லுவியன்னு நெனச்சேன். அதான் திரும்பிட்டேன். அப்புறம் அங்கன போகவே இல்ல."

துணியைக் குனிந்து எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் ஞாபகம் வந்தவர்போல நிமிர்ந்து, "வீட்டுல சார் இப்ப நல்லாருக்காவளா?" என்று கேட்டார்.

"நல்லாருக்காவ சார்" என்றேன்.